பத்ருக்குப் போகாதவருக்கும் பங்கு

 

ஹிஜ்ரி 2-ம் வருஷம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பத்ருக்குப் புறப்பட்டபோது உதுமான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கச் சொன்னார்கள். நாயகத்தின் மகளாரும் உதுமானின் மனைவியுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்ததே காரணம். போர்க்களத்தைக் காணாத அவருக்கு, களத்தில் நின்றவருக்குரிய நற்கூலியும் கனீமத்தில் பங்கும் உண்டென்று நாயகம் அருளினார்கள். உதுமான் யார்? நம்மைப்போல் ஒரு வியாபாரி. (அவருடைய வணிகம் எங்கே, நம் சில்லறை எங்கே! அது வேறு.)

மதரஸாவில் ஓதிய இந்தச் சரித்திரத்தை லூமுட்டில் கடை வைத்தபின் நாம் மறந்தோம். நம் அத்தாவுக்கு இருபது வருஷமாக இனிப்பு நீர். சிறுநீரில் நுரை கண்டது, கால் வீங்கியது. வயோதிகம் என்றிருந்துவிட்டோம். முழங்கால் நோவுக்கு வீக்கம் தணிக்கும் மாத்திரையை நாமே வாங்கிக் கொடுத்தோம். பழுதான சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

இந்நோய் முற்றும்வரை வலி காட்டாது. மலேசியாவில் 2018-ல் நடந்த ஆய்வில், வயதுவந்தோரில் நூற்றுக்குப் 15 பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. அவர்களில் அதை அறிந்திருந்தவரோ நூற்றுக்கு 5 பேர்தாம்! இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர் வருஷந்தோறும் இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொண்டால் போதும், முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இப்போது அத்தாவுக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிஸிஸ். பிரியத்தால் நாம் கொடுக்கும் இளநீரும் வாழைப்பழமும், பரக்கத்தென்று அள்ளி நீட்டும் பேரீச்சம்பழமும் அவர் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழமோ இந்நோயாளிக்கு நஞ்சு. நோன்பு பிடிப்பேன் என்று அத்தா அடம்பிடிக்கிறார். நோயாளிக்கு அல்லாஹ் குர்ஆனிலேயே சலுகை தந்திருக்கிறான், தீராத நோய்க்கு ஃபித்யா உண்டு என்று ஆலிமைக் கொண்டு சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரு வருஷம் முழுதும் கூட்டிப்போனவள் நம் தங்கை. நாமோ பணம் கொடுத்தோம், கடமை தீர்ந்ததென்றிருந்தோம். “அண்ணே, அத்தா உங்களைத்தான் தேடுறாக” என்று ஒருநாள் சொன்னாள். அன்றுமுதல் சனிக்கிழமை முறை நம்முடையது. கடையை லுஹருக்குப் பின்னரே திறக்கிறோம். முதல் சனியன்று அத்தாவைக் காரிலிருந்து இறக்க இடக்கையைப் பிடித்து இழுத்தோம். “அந்தக் கை வேணாம்ணே!” என்று தங்கை பதறினாள். டயாலிஸிஸ் ஊசிக்காக நரம்பை இணைத்துத் தைத்த கை அது. அதை அழுத்திப் பிடிக்கலாகாது, அதில் சுமை தொங்கவிடலாகாது, இரத்த அழுத்தமும் பார்க்கலாகாதாம். எந்தக் கை என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்கவில்லை.