டயர் மாட்டுகிற கை

மோட்டார் சைக்கிள் டயரை வீட்டிலேயே மாற்றிக்கொள்வதா, கடைக்காரரிடம் காசு கொடுத்து மாற்றுவதா? இதெல்லாம் ஒரு அறவியல் பிரச்சினையா என்று தோழர்கள் சிரிக்கக்கூடும். போன மாதம் வரை நானும் சிரித்திருப்பேன்.

என் ஸ்ப்ளெண்டரின் பின் டயர் வழுக்கையாகிப் போயிருந்தது. புது டயரும் ட்யூபும் வாங்கி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றிருந்தேன். அதற்குள் தோழர் ஒருவர் வந்துவிட்டார். கல்லூரிப் பேராசிரியர், பிறப்பால் சாதி இந்து, நம் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வருகிறவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. "எதுக்குத் தோழர் கடைக்கு? நம்ம வேலைய நாமே செய்யணும். உழைப்புலேர்ந்து அந்நியமாகக் கூடாது" என்று தன் பையிலிருந்து இரண்டு டயர் லிவரை எடுத்துப் போட்டார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. அச்சு நட்டைத் தளர்த்தி, பிரேக் ராடைக் கழற்றி, சக்கரத்தை உருவி வாசலில் போட்டோம்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். என் முழங்கை வரை கருப்பு. பேராசிரியர் சட்டையெல்லாம் கிரீஸ். அவருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். அம்மா அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "இந்தக் கருமத்தத் தொடவேண்டாம்னுதான உன்ன எம்.ஏ. வரைக்கும் படிக்க வெச்சேன். காசு குடுத்துச் செய்யறதுக்கென்ன?" என்றாள்.

அம்மாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா, என் தாத்தா, ஊர்க்காரர்களின் கவலைச் சாலுக்குத் தோல் தைத்தவர். பம்புசெட்டு வந்து கவலை நின்றபோது தோல் வேலையும் நின்றது. அப்புறம் பழைய லாரி டயரை அறுத்துச் செருப்புத் தைத்தார். மாட்டுத் தோலிலிருந்து ரப்பருக்கு வந்தாரே தவிர, உட்கார்ந்த இடம் மாறவில்லை. எல்லாத் தோட்டத்துக்கும் வருசம் பூராவும் வேலை செய்வார். அறுப்பு முடிந்ததும் களத்தில் பண்ணாடி அள்ளிப் போட்டதுதான் கூலி. இத்தனை சோடிக்கு இத்தனை என்ற கணக்கே கிடையாது. கணக்குக் கேட்பது திமிர். இதை அம்மா கதையாகச் சொல்லமாட்டாள். டயரைப் பார்த்தால் முகம் சுருங்கும், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் காந்தியும் செருப்புத் தைத்தார். 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் கற்றுக்கொண்ட வேலை. சிறையில் இருந்தபோது தைத்த ஒரு சோடியை ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். காந்தியின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி 1939இல் ஸ்மட்ஸ் அதைப் பற்றி எழுதினார். அந்தச் செருப்பு வரலாற்றில் ஏறிவிட்டது. என் தாத்தா தைத்தது எத்தனை ஆயிரம் சோடியோ, ஒன்றுகூட எந்தக் காட்சிச்சாலையிலும் இல்லை. காந்தியின் கையில் தோல் விரதமாகிறது, தாத்தாவின் கையில் பிறவியாகிறது. பாரிஸ்டர் ஒருவர் எந்த நேரமும் எழுந்து போய்விட முடியும். எழுந்து போக முடிகிறவன் உட்கார்ந்தால்தான் அது தியாகம் என்று பெயர் வாங்குகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் இதை வேறு பக்கத்திலிருந்து உடைத்தார். சாதி வேலையை மட்டும் பங்கு பிரித்துவிட்டு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று விளக்கினார். குலத்தொழிலை விடாதே என்கிற காந்தி, வணிகர் குலத்தில் பிறந்துவிட்டுத் தராசை ஏன் தொடவில்லை என்றும் கேட்டார். நம் பக்கத்திலேயே 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். 1954இல் அது போயிற்று. போயிருக்காவிட்டால் தாத்தாவின் டயர் குவியலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு மணை போட்டிருப்பார்கள். கையால் செய்யும் கல்வி எவ்வளவு உன்னதம் என்று அன்றைக்கும் பேசத்தான் செய்தார்கள்.

ஆகவே கடையில் கொடுப்பதே விடுதலை என்று முடித்துவிடலாமா? எனக்கு அதிலும் உறுத்தல் இருந்தது. நம் கை சுத்தமாக இருக்க இன்னொருவன் கை கருக்கவேண்டுமா? நாமும் சின்னப் பண்ணாடி ஆகிவிடுகிறோமா?

வாசல் வேலை கெட்டுப் போனதால்தான் இதற்கு ஏதோ பதில் கிடைத்தது. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி டயரை ரிம்மில் ஏற்றி, கைப்பம்பால் காற்றடித்தோம். ஐந்து நிமிசத்தில் இறங்கிவிட்டது. லிவர் ட்யூபைக் கடித்திருக்கிறது. வேறு வழியில்லாமல் சக்கரத்தை என் மடியில் வைத்துக்கொண்டு, பேராசிரியர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பஞ்சர் கடைக்குப் போனோம்.

கடைத் தம்பிக்கு இருபது, இருபத்திரண்டு வயசிருக்கும். பார்த்ததும் புரிந்துகொண்டான். "ணா, ரிம்முக்கு நடுவுல பள்ளம் இருக்குதில்ல? எதிர்ப்பக்கத்த மிதிச்சு அந்தப் பள்ளத்துல எறக்கோணும். அப்பத்தான் இந்தப் பக்கம் எடம் கெடைக்கும். நீங்க எடமே குடுக்காம நெம்பியிருக்கறீங்க" என்றான். ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வந்த இடத்துக்குப் பட்டை போட்டான். புது ட்யூபில் லேசாகக் காற்றை ஏற்றி உருண்டையாக்கிக்கொண்டே உள்ளே வைத்தான், மடியாமல் இருக்க. டயரின் அம்புக்குறி சுற்றும் திசையைப் பார்க்கிறதா என்று பார்த்தான். நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவி, முழங்காலால் மிதித்து, வால்வுப் பக்கத்தைக் கடைசியில் ஏற்றினான். லிவரை அவன் பலமாக நெம்பியதாகவே தெரியவில்லை. பத்து நிமிசம். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு முதுகலைப் பட்டமும் ஒரு முனைவர் பட்டமும் இருந்தன.

"நூத்தம்பது ரூவா" என்றான்.

"அதிகம்ப்பா, நூத்தி முப்பது வெச்சுக்க" என்றார் பேராசிரியர்.

எனக்குத் திக்கென்றது. உழைப்பின் மேன்மைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தந்தவர் இவர். தன் கை உழைத்தால் அது தத்துவம். தம்பியின் கை உழைத்தால் இருபது ரூபாய் அதிகம். அவரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நானும் எத்தனையோ இடத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். கடைகளில் பேசுகிற பேரம் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் துணிக்கடையில் ஒட்டிய விலைச்சீட்டைப் பார்த்து நாம் வாயைத் திறப்பதில்லை. கை கருத்தவனிடம்தான் திறக்கிறோம்.

தம்பி குரலை உயர்த்தவில்லை. "ரேட்டு அதுதாங்க சார். கட்டுபடியாகலைனா கழட்டித் தந்தர்றேன், நீங்களே மாட்டிக்கங்க" என்றான். இந்த ஒரு பேச்சைப் பேச என் தாத்தாவுக்கு வாழ்நாள் முழுக்க வாய்க்கவில்லை. களத்தில் நின்றவர் ரேட்டு சொல்லமுடியாது, கழட்டித் தருகிறேன் என்றும் சொல்லமுடியாது. தம்பி எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. குடிமைத் தொழிலுக்கும் கடைக்கும் நடுவே உள்ள தூரம் அந்தக் கேள்வி இல்லாமல் போவதில் கொஞ்சம், ரேட்டு சொல்வதில் கொஞ்சம், முடியாது என்று சொல்ல முடிவதில் கொஞ்சம் இருக்கிறது. காசு அழுக்கானது என்று சொல்லித் தரப்பட்டவர்கள் நாம். நெல்லை அள்ளிப் போட்டவன் கையைவிட அது சுத்தமானது என்றே எனக்குப் படுகிறது.

இதையும் கடைசி வார்த்தையாகச் சொல்ல முடியவில்லை. வண்டி நமக்கு வெறும் வண்டியாக இருக்க விடமாட்டேன் என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். டயரை அறுக்கிற கைக்கு இடம் உண்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகுகிற கைக்கு இல்லை.

எனக்கு டயர் மாட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை இன்னும் போகவில்லை. அந்தத் தம்பியிடமே கேட்டிருக்கிறேன், ஒரு நாள் வாங்கண்ணா என்றான். கற்றுக்கொண்டாலும் அவனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கத்தான் போகிறேன்.

நூற்றைம்பதைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சக்கரத்தை மாட்டினோம். பேராசிரியர் அதிகம் பேசாமல் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அம்மா சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"எவ்வளவு வாங்கினான்?"

"நூத்தம்பது."

"கொறச்சுக் கேட்டயா?"

"நான் கேக்கலம்மா."

அம்மா சோப்பை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.