மாற்றினால் ஓடும், ஆனால் அது போதுமா?

பழுது எது என்று தெரியாமலேயே ஒரு பொருளைச் சரிசெய்துவிட முடியும். தினமும் நடக்கிற விஷயம்தான் இது. அப்படிச் சரிசெய்தவர் தப்பு செய்தாரா? “லோரி ஓடுதுல்ல, அப்புறம் என்ன தப்பு?” என்று நீங்கள் கேட்கலாம். நண்பர்களே, அந்தக் கேள்வியைத்தான் நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மாமா ஒரு சின்ன லோரி வைத்திருக்கிறார். 20 வயதைத் தாண்டிய வண்டி. விடியற்காலையில் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, கடை கடையாகப் போடுவதுதான் அவர் தொழில். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றது. போன செமஸ்டர் விடுமுறையில் அந்த லோரி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ஜின் சுற்றவே இல்லை. ஸ்டார்ட்டரைச் சுத்தியல் பிடியால் ரெண்டு தட்டு தட்டினால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது.

ஒரு பட்டறையில் சத்தத்தைக் கேட்டவுடனே, “ஸ்டார்ட்டர் போச்சு, முழுசா மாத்தணும், 480 வெள்ளி” என்றார்கள். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. மாமா வீட்டுக்கு வந்து, பக்கத்துத் தாமானில் இருக்கும் ஒரு வயதான போர்மேன் அங்கிளைக் கூப்பிட்டார்.

அங்கிள் முதலில் ஸ்பேனரையே எடுக்கவில்லை. “தம்பி, ஹெட்லைட்டப் போடு. இப்ப சாவியத் திருப்பு” என்றார். பேட்டரி செத்திருந்தால் திருப்பும்போது விளக்கு மங்கிப்போகும். இங்கே விளக்கு அப்படியே பளிச்சென்று எரிந்தது. அதாவது, பெரிய மின்னோட்டம் எங்கேயும் ஓடவே இல்லை. பேட்டரியை அளந்தோம், 12.6 வோல்ட். நல்ல பேட்டரி.

ஸ்டார்ட்டர் மேல் இருக்கும் சோலனாய்டுக்கு ரெண்டு வேலை. ஒன்று, சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி என்ஜினின் ஃப்ளைவீல் பற்களோடு சேர்ப்பது. இன்னொன்று, உள்ளே இருக்கும் ரெண்டு செப்புத் துண்டுகளை ஒரு வட்டத் தகட்டால் இணைத்து, நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை மோட்டாருக்கு விடுவது. நாங்கள் கேட்ட ‘டக்’ முதல் வேலை நடந்ததற்கான சத்தம். ரெண்டாவது நடந்ததா என்பதுதான் கேள்வி.

அங்கிள் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, என்னைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். பேட்டரியிலிருந்து கேபிள் வந்து சேரும் போல்ட்டில் மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மோட்டாருக்குப் போகும் போல்ட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கேயும் 12 வோல்ட் வந்து மோட்டார் சுற்றாமல் இருந்தால் மோட்டார்தான் குற்றவாளி. வராததால் மோட்டார் மேல் பழிபோட இன்னும் ஆதாரம் இல்லை. ஒரே ஓர் அளவீடு தண்டிக்கவும் செய்யும், விடுதலையும் செய்யும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இறக்கிப் பிரித்தோம். இத்தனை வருஷம் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் பொறி பட்டுப் பட்டு செப்புத் துண்டுகள் தேய்ந்து குழிவிழுந்திருந்தன. கார்பன் பிரஷ் இன்னும் நீளமாகவே இருந்தது. புதுத் துண்டு ரெண்டு போட்டோம். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். முழு ஸ்டார்ட்டரை மாற்றியிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும், இதை மறுக்க முடியாது. அப்படியென்றால் முதல் பட்டறைக்காரர் செய்ததில் என்ன தப்பு?

மூன்று விதமாக யோசிக்கலாம். காரணம் தெரிந்தும் மறைத்திருந்தால் அது ஏமாற்று, அதில் சந்தேகமே இல்லை. “அண்ணே, பிரிச்சுப் பாக்க எனக்கு நேரமில்ல, முழுசா மாத்தித்தான் தருவேன். வேணாம்னா வேற இடம் பாருங்க” என்று சொல்லியிருந்தால் அதில் தப்பே இல்லை, முடிவு மாமா கையில். மூன்றாவதுதான் சிக்கலானது. பார்க்காமலேயே, பார்த்தவர் மாதிரி பேசுவது. அவர் சொன்னது பலித்திருக்கும், ஆனால் அதிர்ஷ்டத்தால். அடுத்து வருகிறவரின் வண்டியில் வெறும் பேட்டரி டெர்மினல் பூத்துப்போயிருந்தாலும் அவருக்கும் அதே தீர்ப்புதான் கிடைக்கும். பந்தயம் கட்டுவது இவர், பணம் அவருடையது. ஆக, பாகத்தை மாற்றுவது தப்பில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதுதான் தப்பு.

பழியை அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. அங்கிள் கூலி கேட்டபோது மாமாவே, “ரெண்டு துண்டு செப்புதானே அங்கிள், கொஞ்சம் கொறைச்சுக்குங்க” என்று பேரம் பேசினார். அங்கிளும் சிரித்துக்கொண்டே குறைத்தார். பெட்டியில் வரும் பாகத்துக்கு யோசிக்காமல் காசு கொடுக்கிறோம், ஒரு மணி நேரம் நிதானமாகத் தேடியதற்குக் கொடுக்க மனசு வருவதில்லை. அப்புறம் எந்தப் போர்மேன் தேடுவார்? அவசரத் தீர்ப்பை நாமும்தான் வளர்க்கிறோம்.

இது பட்டறையோடு நிற்கவில்லை. குரூப் அசைன்மெண்டில் ஒருத்தன் மெசேஜுக்குப் பதில் போடவில்லை என்றால் நாம் கேட்பதும் ஒரு ‘டக்’ சத்தம்தான். உடனே, “அவன் பொறுப்பில்லாதவன், ஆளை மாத்துங்க” என்கிறோம். அவன் ராத்திரி வேலைக்குப் போகிறானா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, உண்மையிலேயே சோம்பேறியா? மூன்றுக்கும் வெளியே கேட்கிற சத்தம் ஒன்றே. விசாரித்த பிறகு சோம்பேறி என்றே தெரியவந்தாலும் பரவாயில்லை, அப்போது சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட மோட்டாருக்கு வலிக்காது, மனுஷனுக்கு வலிக்கும். அதனால் யாரைப் பற்றியும் முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வியாவது கேட்போம். நம் எண்ணம் தப்பு என்று காட்டக்கூடிய கேள்வியாக அது இருக்கட்டும். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்க அரை நிமிஷம்தான் ஆகும்.