பெல்லே என்ற பியா

1960இல் ஸ்வீடனில் பிறந்த பியா சுந்தாகேவுக்குச் சிறுவயதில் கால்பந்து ஆடுவதற்குப் பெண்கள் அணி கிடைக்கவில்லை. 'பெல்லே' என்ற ஆண்பெயரில் பையன்களோடு ஆடினார். பந்துக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்த சிறுமி!

1984 ஐரோப்பிய மகளிர் கோப்பை இறுதியில் இங்கிலாந்துடன் இரண்டு ஆட்டங்கள். கோத்தன்பர்க்கில் ஸ்வீடனின் ஒரே கோலை அடித்தவர் பியா. லூட்டனின் சேற்று மைதானத்தில் ஸ்வீடன் 0-1 எனத் தோற்க, முடிவு பெனால்டிக்குப் போனது. கோப்பையை வென்றுதந்த கடைசி உதையும் அவருடையதே.

மொத்தம் 146 சர்வதேச ஆட்டங்கள், 71 கோல்கள்.

பயிற்சியாளராக அவர் எட்டியது இன்னும் பெரிய உயரம். 2008, 2012 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்றுதந்தார். 2016இல் அதே அமெரிக்காவைக் காலிறுதியில் வெளியேற்றி, ஸ்வீடனுக்கு வெள்ளி பெற்றுத்தந்தார்.