குடும்பத்துக்கு ஒன்று

அக்கா மகள் சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். சில சனிக்கிழமைகளில் வடலூரில் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்படி வந்த ஒரு நாள், திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "சித்தி, என் ஊர்ல எல்லாரும் தொண்ணூத்திரெண்டு பர்சன்ட் சந்தோஷமா இருக்காங்க."

எந்த ஊர் என்று கேட்டேன். ஃபால்அவுட் ஷெல்ட்டர் என்ற விளையாட்டைக் காட்டினாள். 2015 ஜூனில் பெதஸ்டா என்ற அமெரிக்க நிறுவனம் கைப்பேசிக்காக வெளியிட்டது. அணு ஆயுதப் போரில் உலகம் அழிந்த பிறகு, மிஞ்சியவர்களுக்குப் பூமிக்கு அடியில் ஒரு புகலிடம் கட்ட வேண்டும். மின்சாரம், தண்ணீர், உணவு மூன்றும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறை அறையாகத் தோண்டி, ஒவ்வோர் அறையிலும் ஆட்களை வேலைக்கு நிறுத்த வேண்டும். இதையெல்லாம் செய்கிற நமக்கு அந்த விளையாட்டு வைத்திருக்கும் பெயர் ஓவர்சீயர். நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு, மண்ணுக்கு அடியில் மின்சாரம், மேலே ஓவர்சீயர் என்பது ஒன்றும் புதிய கற்பனையாகப் படவில்லை.

ஆனாலும் அரை மணி நேரம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். புகலிடத்தில் சாமான் அறை உண்டு. அதில் அரிசி பருப்பு இருக்கும் என்று நினைத்தால் தவறு. துப்பாக்கிகளும் உடுப்புகளும் காயலான்கடைச் சாமான்களும்தான் அங்கே இருக்கின்றன. இடம் நிறைந்துவிட்டால் இன்னோர் அறை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதை விற்க வேண்டும். குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் மகிழ்ச்சி அளவு ஒன்று உண்டு. திறமைக்கு ஏற்ற அறையில் வேலைக்கு விட்டால் அது ஏறும், யாராவது செத்தால் இறங்கும். மொத்த ஊரின் மகிழ்ச்சி ஒரு சிரித்த முகத்தின் பக்கத்தில் எண்ணாகத் தெரியும்.

"சாப்பாட்டு அறை இருக்கே, பாத்திரம் யார் கழுவுறாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேம்ல கிடையாது சித்தி."

பிள்ளை வளர்ப்பதும் கிடையாது. பிறந்த குழந்தை சில மணி நேரத்தில் ஆளாகி வேலைக்கு வந்துவிடுகிறது. பால் கொடுக்க, காய்ச்சல் வந்தால் விழித்திருக்க, கிழவிக்குக் கால் பிடிக்க அந்த ஊரில் யாரும் தேவையில்லை. ஊரைப் பெருக்குவதற்கு மட்டும் பெண் தேவை. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குடியிருப்பு அறையில் ஒன்றாக விட்டால் கொஞ்சம் பேசுவார்கள், ஆடுவார்கள், உள்ளே போய் வருவார்கள். அவள் வயிற்றுடன் வெளியே வருவாள். இருவர் மகிழ்ச்சியும் நூறு. கர்ப்பிணியை வெளியே அனுப்ப முடியாது. தீப்பிடித்தால் அணைக்க மாட்டாள், பயந்து ஓடுவாள். குடியிருப்பில் இடம் இல்லையென்றால் பிரசவமே ஆகாது. இடம் வரும்வரை சுமந்துகொண்டே வேலை செய்வாள், மாதம் என்ற கணக்கில்லாமல்.

விளையாட்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் இரண்டு வாரம் ஆடினேன். என் ஊரில் நாற்பது பேரைத் தாண்டவில்லை, தண்ணீர் தீர்ந்துவிட்டது. என்னைத் தொந்தரவு செய்தது வேறு விஷயம். அங்கே ஆட்களின் மகிழ்ச்சியை உயர்த்துவது எதற்காக? மகிழ்ச்சி கூடினால் உற்பத்தி கூடும், அதற்காக. அதாவது மகிழ்ச்சியும் ஒரு கச்சாப் பொருள், மின்சாரம் தண்ணீர் போல. இதை யாரோ அமெரிக்காவில் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டியதில்லை. "மருமவள மொகம் சுளிக்காம வச்சுக்க, வீடு ஓடும்" என்று சொல்லும் மாமியாரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். தீபாவளிக்கு வேலைக்காரப் பெண்ணுக்குப் புடவை எடுத்துக்கொடுக்கும்போது நம் மனதில் ஓடுவது பாசம் மட்டும்தானா என்று நம்மை நாமே கேட்டுப் பார்க்கலாம். இன்னொருவரின் மகிழ்ச்சியை நம் காரியத்துக்காகப் பேணலாமா என்பது பழைய கேள்வி. எனக்கு அது 2015 நவம்பரில்தான் கேள்வியானது.

அந்த மாத மழையில் கடலூர் மாவட்டம் மூழ்கிக் கிடந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு உதவப் போனேன். நிவாரணச் சாமான்கள் அடுக்கியிருந்த வகுப்பறையின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். டீச்சர் என்றால் கணக்குச் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, குடும்பத் தலைவர் பெயர், ஊர், பாய், போர்வை, பிஸ்கட், நாப்கின் என்று கட்டம் பிரித்திருந்தேன். எல்லாமே குடும்பத்துக்கு ஒன்று.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து இன்னொரு நாப்கின் பாக்கெட் கேட்டாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "ஒங்க குடும்பத்துக்குக் குடுத்தாச்சே" என்றேன். வீட்டில் அவளும் வயதுக்கு வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அப்போது அவள் அதைச் சொல்லவில்லை. வரிசையில் அவளுக்குப் பின்னால் ஆண்கள் நின்றிருந்தார்கள். அவள் சிரித்தாள். "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் முதுகுக்குப் பின்னால் அந்த வகுப்பறையில் அட்டைப் பெட்டி பெட்டியாக நாப்கின் இருந்தது.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் கடந்துபோக முடியவில்லை. அன்று மாலை யாரோ பார்வையிட வந்தபோது, எங்கள் முகாமில் ஜனங்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை. சிரித்த முகங்களைப் பார்த்துச் சொன்னேன். சாவி வைத்திருப்பவள் முன்னால் நிற்பவள் சிரிப்பாள். நாளைக்கும் அவள் இந்தக் கதவுக்குத்தானே வர வேண்டும்?

'குடும்பத்துக்கு ஒன்று' என்ற கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. வீட்டுக்குள் போன பொருள் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை. அப்படிச் சேராது என்று வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நோட்டைக் கையில் எடுத்ததும் மறந்துபோனது.

இந்தக் கடற்கரைக்கு அந்தக் கணக்கு பழக்கமானது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் செத்தவர்களில் பெண்களே அதிகம். ஆணுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அடுத்த மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை எழுதியது. பிறகு லாரி லாரியாக நிவாரணம் வந்தது. வந்ததில் பெரும்பங்கு பழந்துணி. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மீனவப் பெண்கள் அதைத் தொட மறுத்தார்கள், சாலையோரத்தில் குவியல் குவியலாக மழையில் நனைந்து கிடந்தது. அதைப் பார்த்துச் 'செருக்கு' என்று சொன்னவர்கள் உண்டு. கொடுப்பவர்களின் சாமான் அறையில் என்ன மிஞ்சியிருந்ததோ அது வந்தது, வாங்குபவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அடுத்தவர் உடுத்திய சேலையைக் கட்டப் பிடிக்காத மனம், எல்லாம் போன பிறகும் ஒருத்திக்கு மிச்சமிருந்தால் அதைச் செருக்கு என்று ஏன் சொல்ல வேண்டும்?

அப்போது இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களுக்கு மீண்டும் கருக்குழாயை இணைக்கும் அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்து தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. பல பெண்கள் விரும்பி முன்வந்தார்கள், அவர்கள் ஏக்கத்தை எடைபோட எனக்கு உரிமை இல்லை. ஆனால் முதலில் குடும்பக் கட்டுப்பாடு என்று அறுத்ததும், பிறகு குடும்பம் வேண்டும் என்று இணைக்கச் சொன்னதும் அதே வயிற்றைத்தான். அவளுடைய துக்கத்துக்கு அரசிடம் இருந்த மருந்துகளில் ஒன்று இன்னொரு பிரசவம். குடியிருப்பு அறையில் மகிழ்ச்சி நூறைத் தொடும் அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அக்கா மகளிடம் சொன்னேன். அப்போது அவள் கைக்குழந்தை.

வடலூரில் இருந்துகொண்டு சாமான் அறையைப் பற்றிப் பேசுபவள் தருமசாலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1867 மே 23 அன்று வள்ளலார் இராமலிங்க அடிகள் இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்படுகிறது. வந்தவர் யார், என்ன சாதி, எத்தனை பேர், நேற்றும் வந்தாரா என்ற கேள்வி அங்கே இல்லை. பசி ஒன்றே போதும். கையில் நோட்டுடன் நின்ற அந்த நாட்களுக்குப் பிறகு, அந்தக் கேள்வி இல்லாமை எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் புரிந்தது. ஒருமுறை அரிசி தீர்ந்துபோய், மறுநாளுக்கு என்ன செய்வதென்று உக்கிராணத்தில் இருந்தவர்கள் வள்ளலாரிடம் போய் நின்றார்களாம். வரும் என்றாராம். வண்டியில் வந்ததாம். அற்புதம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் அற்புதம் தெரியவில்லை. இருப்பு தீரும்வரை கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் அவர் பசியை உடம்பின் ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டு விவரிக்கிறார். உண்டவர் உள்ளத்திலும் முகத்திலும் எழும் இன்பத்தைப் பற்றியும் பேசுகிறார். இதுவும் முகத்தைப் பார்ப்பதுதான். ஆனால் அந்த இன்பத்தை வைத்து அவர் வேறெதையும் வாங்கப் பார்க்கவில்லை. சாப்பிட்டவர் எழுந்து போகலாம். அவர் மகிழ்ச்சியால் சாலைக்கு ஆகவேண்டிய வேலை ஒன்றுமில்லை. ஓவர்சீயரின் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெண்ணாக எனக்கு இந்த வரலாற்றில் இன்னொரு கதை முக்கியம். சிறுவயதில் தந்தையை இழந்த இராமலிங்கம் சென்னையில் அண்ணன் சபாபதி வீட்டில் வளர்ந்தார். படிப்பில் நாட்டமில்லாமல் கோயில் கோயிலாகச் சுற்றிய தம்பிக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று அண்ணன் உத்தரவிட்டாராம். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவருக்குத் தெரியாமல் அவரைக் கூப்பிட்டுச் சோறு போட்டாராம். வள்ளலார் சரித்திரம் சொல்லும் எல்லோரும் இதைச் சொல்வார்கள், சொல்லிவிட்டு அடுத்த அற்புதத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் போகவில்லை. அந்த வீட்டின் அரிசிப் பானை யாருடையது? அளந்தவர் அவர், ஆக்கியவர் அவர், உரிமை அண்ணனுடையது. யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது என்று சொல்லும் அதிகாரமும் அண்ணனுடையது. நம் வீடுகளில் சாமான் அறையின் சாவி பெண்ணின் இடுப்பில் இருந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். காவலுக்குக் கொடுத்த சாவி அது. அதனால்தான் நம் பெண்கள் இருப்புக்குள் ஒரு மறைவிருப்பு வைத்தார்கள். உலைக்கு அளந்த அரிசியில் தினம் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்ட பாட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடுகு டப்பாவில் காசு வைத்தவர்களையும்தான். அந்தப் பிடி அரிசி எந்தக் கணக்கிலும் ஏறாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பின்வாசலில் வந்து நிற்பவருக்கும் அதிலிருந்துதான் போனது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அண்ணியைக் கொண்டாடும்போது, தன் பங்கைக் குறைத்துக் கொடுப்பதே பெண்ணின் அறம் என்று சொல்லிவிடுவோம். அந்தச் சோற்றைப் போட்ட பிறகு அவருக்கு மிச்சம் இருந்ததா, கணவருக்குத் தெரிந்தபோது என்ன நடந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தமக்கை உண்ணாமுலையின் மகள் தனக்கோடியை இராமலிங்கத்துக்கு மணம் செய்து வைத்தார்கள். துறவு மனம் கொண்டவரை மணந்த அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது சரித்திரங்களில் ஓரிரு வரியில் முடிகிறது. ஊர்ப் பசிக்கு அடுப்பு மூட்டிய வரலாற்றில் இந்த இரண்டு பெண்களின் முகம் மட்டும் எனக்குத் தெரியவில்லை. சிரித்தார்களா என்று கேட்கவே எனக்குத் தயக்கம். சிரித்திருக்கவும் கூடும், என் முகாமில் அந்தப் பெண் சிரித்ததைப் போல.

அக்கா மகள் இப்போது அந்த விளையாட்டை ஆடுவதில்லை, வேறொன்றுக்குப் போய்விட்டாள். போன மாதம் வந்தபோது பரண் மேலிருந்து பழைய நோட்டுகளை இறக்கிக் கொடுத்தாள். அதில் வெள்ள முகாம் நோட்டும் இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கீங்களே சித்தி, யாருக்கும் எதுவும் குறையலையா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் வரியைத் தேடினோம். ஊரை வைத்துக் கண்டுபிடித்தேன். பாய் ஒன்று, போர்வை ஒன்று, பிஸ்கட் ஒன்று, நாப்கின் ஒன்று. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் அவள் கணவரின் பெயர் இருந்தது. அவள் பெயர் எனக்குத் தெரியாது.