குடிவழி நோயும் வினையும்

விரைப்புற்று இந்தியாவில் மிக அரிய நோய். ஆயினும் சில குடும்பங்களில் இருவருக்கு வருவதுண்டு. தகப்பனுக்கு வந்திருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு சுமார் 4 மடங்கும், உடன்பிறந்தவனுக்கு வந்திருந்தால் சுமார் 8 மடங்கும் கூடுகிறது. கருவில் வயிற்றுக்குள் உருவாகும் விரை, பிறப்பதற்குள் விரைப்பைக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றுபோனாலும் ஆபத்து உயர்கிறது. இரண்டும் தனித்தனிக் காரணங்கள். சில வீடுகளில் சேர்ந்தே காணப்படும். அத்தகைய வீட்டில் எழும் கேள்வி, இது யார் செய்த வினை என்பது.

சைவ சித்தாந்தத்தில் வினை உயிருக்கு உரியது. செய்த உயிரே அதன் பயனை நுகரும். தந்தையின் வினை மகன்மேல் ஏறுவதில்லை. உடம்பு மாயையின் காரியம். மெய்கண்டாரின் மாணவரான திருவதிகை மனவாசகங்கடந்தார், உண்மை விளக்கத்தில் ஐம்பூதம் முதலாக 36 தத்துவங்களை விளக்கி, உயிர் அவற்றின் வேறென்று நிறுவுகிறார். இப்பகுப்பின்படி மரபணு உடம்பின் பக்கத்தது. தகப்பன் கொடுப்பது உடம்பின் வித்தே, வினை அன்று.

அப்படியானால் அந்த உடம்பை எடுத்தது மகனின் முன்வினையா? சித்தாந்தம் ஆம் என்றே சொல்லும். ஆனால் நோயைக் கண்டு வினையைக் கணிக்க இயலாது என்பதற்குத் திருவதிகையே சான்று. 7ஆம் நூற்றாண்டில் சூலை என்னும் வயிற்று நோயோடு கெடில ஆற்றங்கரையிலுள்ள அவ்வூருக்கு வந்த திருநாவுக்கரசர், தாம் செய்த கொடுமைகளைத் தாமே அறியாதவராகத் தம் முதற்பதிகத்தைத் தொடங்குகிறார். பெரியபுராணமோ அச்சூலையைத் தமக்கை திலகவதியாரின் வேண்டுதலுக்கு இரங்கி இறைவன் ஆட்கொண்ட வழியாகக் காண்கிறது. நோயுற்றவருக்கே தெரியாத கணக்கை ஊரார் எழுத முடியாது.

நோயைப் பொறுத்துக்கொண்டு கிட என்று திருநாவுக்கரசரிடம் எவரும் சொல்லவில்லை. அவர் அப்போது சார்ந்திருந்த சமண முனிவர் மந்திரத்தால் தீர்க்க முயன்றனர். தமக்கை திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

இன்றைய மருத்துவத்தில், 6 மாதத்துக்குள் இறங்காத விரையை ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து கீழே பொருத்துகின்றனர். 2007இல் வெளியான சுவீடன் ஆய்வில், 13 வயதுக்கு முன் அறுவை செய்தவர்களுக்கு ஆபத்து மற்றவரைவிட இரு மடங்காகவும், பின்னர் செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேலாகவும் இருந்தது. வலியில்லாத கட்டியாகத் தொடங்கும் புற்றும் உரிய நேரத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகும்.

முன்வினை உடம்பை வகுத்தது என்று கொண்டாலும், மருத்துவரிடம் காட்டுவதும் வெட்கத்தால் மறைப்பதும் இப்போது செய்யும் வினைகள். சித்தாந்தம் அவற்றை ஆகாமியம் என்னும் புதுக்கணக்கில் வைக்கிறது.