தொண்ணூறா, நூற்றிருபதா?

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சரவணம்பட்டியில் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் உலகக் கோப்பை ஃபைனல் பார்த்தோம். ஆளுக்கு நூறு ரூபாய். துண்டுச் சீட்டில் ஸ்கோரை எழுதி எவர்சில்வர் தூக்குக்குள் போட வேண்டும், சரியாகச் சொன்னவருக்கு மொத்தப் பணமும். பொறுப்பாளர் நான். பதினெட்டுச் சீட்டு, 1800 ரூபாய்.

பதினெட்டாவது சீட்டு வாட்ச்மேன் அண்ணாவுடையது. அவராக வந்து கேட்கவில்லை. "நீங்களும் போடுங்கண்ணா" என்று நான்தான் கூப்பிட்டேன்.

அந்த அக்டோபரில்தான் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. ஆனால் எங்களுக்கு உறுத்தல் ஏதும் இல்லை. இங்கே கமிஷன் அடிக்கும் முதலாளி கிடையாது, கடன் வாங்கி ஆடுகிறவன் கிடையாது. நண்பர்களுக்குள் ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். திருக்குறளின் 'சூது' அதிகாரம் இன்றைய பல பதிப்புகளில் நட்பியலுக்குள்தான் வருகிறது. அன்றைக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால், அதையும் எங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டிருப்போம்.

79 நிமிஷம் வரை அர்ஜென்டினா 2-0. அப்புறம் எம்பாப்பே பெனால்ட்டியில் ஒன்று, அடுத்த நிமிஷமே இன்னொன்று. தொண்ணூறு நிமிஷ முடிவில் 2-2. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று, ஆக 3-3. ஷூட்அவுட்டில் 4-2 என்று மெஸ்ஸி கையில் கோப்பை.

தூக்கைத் திறந்தோம். 2-2 ஒரே சீட்டு, வாட்ச்மேன் அண்ணா. 3-3 ஒரே சீட்டு, என் காலேஜ் நண்பன். எந்த நேரத்து ஸ்கோர் கணக்கு என்று நான் சொல்லியிருக்கவே இல்லை. கோடு எழுதிப் பிழைக்கிறவன், எட்ஜ் கேஸைக் கோட்டை விட்டேன்.

"மேட்ச் முடிஞ்சப்ப போர்டுல என்னடா இருந்துச்சு?" என்றான் நண்பன். நியாயமான கேள்விதான். எனக்கோ வாட்ச்மேன் அண்ணாவுக்குக் கொடுத்துவிட ஆசை. 1800 ரூபாய் எங்களுக்கு ஒரு வாரக்கடைசி பிரியாணிச் செலவு, அவருக்கு அப்படியில்லை. அங்கேதான் கை நின்றது. யாருக்கு எந்த இடம் வாய்க்கும் என்று தெரியாத நிலையில் விதியை எழுத வேண்டும் என்று ஜான் ரால்ஸ் 1971இலேயே எழுதிவிட்டார். சீட்டைப் பிரித்துப் பார்த்த பிறகு நான் என்ன சொன்னாலும் அது விதி ஆகாது. நல்ல மனசோடு வளைத்தாலும், அடுத்தவன் காசில் தானம்.

அரைமணி நேரம் கத்தினோம். மாடிப்படி ஓரம் டார்ச்சோடு நின்றிருந்தவர், "அட வுடுங்க சார், வெளையாட்டுக்குப் போட்டதுதானுங்களே. அவருக்கே குடுத்துருங்க" என்றார்.

பெரிய மனசு என்று எல்லோரும் நெகிழ்ந்தோம். பெரிய மனசாகவும் இருக்கலாம். ஆனால் படுக்கப் போகும்போது வேறொன்று தோன்றியது. நண்பன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுக் காலையில் என்னோடு டீ குடிப்பான். அவர் குரலை உயர்த்தியிருந்தால் அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் அது பேச்சாகியிருக்கும். எல்லோரும் போட்டது அதே நூறு ரூபாய்தான், ஆனால் சண்டை போடும் உரிமை பதினேழு பேருக்குத்தான் இருந்திருக்கிறது. நான் அவரை அண்ணா என்கிறேன், அவர் என்னை சார் என்கிறார். இதைக் கவனிக்காமலா அவரைச் சீட்டுப் போடக் கூப்பிட்டேன்?

கடைசியில் பாதிப் பாதி, ஆளுக்கு 900. நண்பன் முனகிக்கொண்டே வாங்கினான், இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான். அவர் "நன்றிங்க சார்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சும்மா தேடிப் பார்த்தேன். கால்பந்துப் பந்தயத்தில் தனியாகச் சொல்லாவிட்டால் இஞ்சுரி டைம் உட்பட தொண்ணூறு நிமிஷ ஸ்கோர்தான் கணக்கு என்பது உலக வழக்கமாம். எங்கள் யாருக்கும் தெரியாத வழக்கம் எங்களைக் கட்டுப்படுத்துமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நண்பனிடம் அதைச் சொல்லி 900 ரூபாயைத் திருப்பிக் கேட்பதற்குள் வாட்ச்மேன் அண்ணாவை வேறு ஏதோ பில்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். அவர் போன் நம்பர் என் மொபைலில் இருக்கிறது.