மணிக்கட்டில் ஒரு நியமம்

வைசாலியில் தங்கியிருந்த பிக்ஷுக்கள், நகரத்தார் முறைவைத்து அளித்த செழுமையான விருந்தை உண்டு சரீரம் கனத்து நோயுற்றனர் என்றும், அதனைக் கண்ட வைத்தியன் ஜீவகன் புத்தபிரானை அணுகி, அவர்கள் உலாவுதற்கு நடைபாதையும் வேது கொள்ளும் அறையும் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டினான் என்றும் விநயபிடகம் கூறுகிறது. பெருமான் இசைந்தார். மருந்தாக அனுமதி பெற்ற அந்த உலாவலே பௌத்த மரபில் தியானத்தின் அங்கமாகவும் விளங்குகிறது. நெடுவழி செல்லும் வலிமை, முயற்சிக்கு வேண்டிய ஊக்கம், நோயின்மை, உண்டது செரித்தல் ஆகிய நான்கு பயன்களை அதற்குச் சொல்லிய அங்குத்தர நிகாயம், நடந்தவாறே பெற்ற மன ஒருமை நெடிது நிலைக்கும் என்பதை ஐந்தாவதாகச் சொல்கிறது.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் கேட்ட கேள்வியே இதனை என் நினைவுக்குக் கொணர்ந்தது. ஏலக்கூடத்தில் கணினித் திரையின்முன் அமர்ந்து விலை கேட்பதும், பின்னர்க் கடையில் கணக்கேட்டின்முன் அமர்வதும், அந்தியில் காரில் அமர்ந்து வீடு திரும்புவதுமாக அவருடைய நாள் கழிகிறது. மருத்துவர் சொற்படி மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச் ஒன்று அணிந்திருக்கிறார். கையின் அசைவைக்கொண்டு அது அடிகளை எண்ணுகிறது. நெடுநேரம் அசைவில்லையெனின் மெல்ல அதிர்ந்து அவரை எழுப்புகிறது. “அது அதிர்ந்தால் எழுகிறேன், இல்லாவிட்டால் உட்கார்ந்தே இருக்கிறேன். எழுந்தது நானா, கருவியா? ஏவினதைச் செய்கிறவனுக்கு அதில் என்ன புண்ணியம், ஐயா?” என்று கேட்டார்.

புறத்தேயிருந்து வரும் ஏவலால் தொடங்கிய காரியம் தன்னுடையதாகாது என்று கொண்டால், நம் சமய வாழ்வின் பெரும்பகுதியை நாம் இழக்க நேரும். வைகறையில் ஆலயமணி கேட்டுத் துயிலெழுகிறவனும், நூற்றெட்டு மணி கோத்த மாலையை உருட்டி ஜபம் செய்கிறவனும், இத்தனை முறை வலம் வருவேன் என்று நேர்ந்துகொண்டு பிராகாரத்தைச் சுற்றுகிறவனும், மறதியும் சோம்பலும் தம் இயல்பென அறிந்து, வெளியே ஒரு துணையை நாடியவர்களேயாவர். கருவியைக் கட்டிக்கொள்ளும் அந்தக் கணத்திலேயே, பின்னர்ச் சோம்பப்போகிற தன்னை விழிப்போடிருக்கும் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறான். சங்கல்பம் அங்கே நிகழ்ந்துவிட்டது; நண்பகலில் வரும் அதிர்வு அதன் எதிரொலி. ஆதலால் எழுந்தவர் அவரே.

இந்தத் துணையால் பலன் உண்டு என்பதிலும் ஐயமில்லை. தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இத்தகைய கருவி அணிந்தோர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 அடிகள் மிகுதியாக நடந்தனர் என்று கண்டனர். அமர்ந்து ஓட்டிய லண்டன் பஸ் டிரைவர்களுக்கு, மாடிப்படி ஏறியிறங்கிய கண்டக்டர்களைவிட இதயநோய் மிகுதி என்று ஜெரி மாரிஸ் 1953இலேயே காட்டினார். யோகியும் அமர்ந்துதானே இருக்கிறான் என்பார்க்கு, வைசாலித் துறவியரே விடை: அவர்கள் பூண்டிருந்த துறவு நோய்க்குத் தடையாகவில்லை.

ஆயினும் கருவியிடம் ஒப்படைக்கத் தகாத ஒன்று உண்டு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் இலக்கு சாஸ்திரம் விதித்ததன்று, மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததுமன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயராகத் தோன்றி உலகெங்கும் பரவியது. அந்த எண் தெய்வமாகிவிட்டால், இரவு பதினொரு மணிக்கு மிச்சத்தை நிரப்புவதற்காகக் கூடத்தில் கைவீசி நடக்கும் மனிதன், நடையையும் இழந்து உறக்கத்தையும் இழக்கிறான். சித்திரைப் பௌர்ணமியாகிய ஒரே நாளில் பக்தர்களுக்குத் திறக்கப்படும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஜீப்பில் செல்வோர் உண்டு. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதையில் ஏறுவோரும் உண்டு. ஏறுகிறவர் கையில் கருவி இருந்தால் அதுவும் ஓயாமல் எண்ணும். ஆனால் மூச்சிரைக்க நின்று, கீழே விரிந்த கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி, கணவனைப் பறிகொடுத்து மதுரையிலிருந்து மேற்கே நடந்து இம்மலை ஏறினாள் என்று மரபு போற்றும் அந்தப் பெண்ணை அவர் நினைக்கும் நினைவு அக்கணக்கில் ஏறுவதில்லை. அவளோடு புகாரிலிருந்து மதுரைவரை உடன் நடந்த கவுந்தியடிகளின் சமண நெறியில், காலடியில் சிற்றுயிரும் மடியாவண்ணம் நிலம் நோக்கி நடத்தல் ஒரு விரதம். அங்கே ஒவ்வோர் அடியும் கவனிக்கப்படுகிறது. எத்தனை என்று கேட்பாரில்லை. ஐந்தாவது பயன் இத்தகைய நடையில்தான் விளையும் என்பது என் துணிபு.

அன்பரின் கேள்வியினும் கடினமானது அவர் கேளாத ஒன்று. ஏலத்தில் எடுத்த காயைத் தரம்வாரியாகப் பிரிக்கும் பெண்கள், போடியின் குடோன்களில் நெடுநேரம் அமர்ந்தே வேலை செய்கிறார்கள். ஜீவகன் நடைபாதை கேட்டது தனக்காகவன்று என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பெண்களின் மணிக்கட்டில் அதே கருவியைக் கட்டினாலும் பயனில்லை. அது அதிரும்போது எழுந்து நடக்கும் சுதந்திரம் அவர்களுக்கு வேண்டுமல்லவா? தன் காலத்துக்குத் தானே எஜமானனாயிருப்பவனுக்கே அது சாதனமாகிறது. ஜவுளிக்கடை முதலியவற்றில் நாள் முழுதும் நின்றே உழைப்போருக்கு இருக்கை அளிக்க வேண்டுமென்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. நிற்பவர்க்கு அமரும் உரிமையை அளித்த அந்தத் தர்மவிசாரம், அமர்ந்தே தேய்பவர்க்கு எழும் உரிமையையும் அளிக்கும்வரை நீள வேண்டும். ஆகவே அன்பருக்கு எழுதிய விடையில், எழுந்தது அவரே என்று உறுதி கூறியதோடு, அவர் கை அதிரும்போதெல்லாம் குடோனிலும் வேலையைச் சற்று நிறுத்தி, கூலியில் ஒரு காசும் பிடிக்காமல், அங்குள்ள எல்லோரையும் ஐந்து நிமிஷம் வெளியே உலாவ விடலாமே என்றும் கேட்டிருக்கிறேன்.